கைபேசியா, ஸ்கேனரா? வகுப்பாசிரியரின் காகிதங்களுக்கு ஏற்ற கருவிகள்

வகுப்பாசிரியர் கையில் புழங்கும் காகிதங்கள் மூன்று வகை. பிறப்புச் சான்று, சாதிச் சான்று, மாற்றுச் சான்றிதழ், ஆதார் நகல் என மாணவர் வீட்டிலிருந்து வருபவை ஒன்று. சேர்க்கை, வருகை, மதிப்பெண் என்று பள்ளியே எழுதி வைக்கும் பதிவேடுகள் இன்னொன்று. வினாத்தாள், பாடக்குறிப்பு, பயிற்சித்தாள் போன்ற கற்பித்தல் தாள்கள் மூன்றாவது. மாணவர் விவரங்கள் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏறிவிட்டாலும் அவற்றுக்கு ஆதாரமான தாள்கள் பீரோவில்தான் இருக்கின்றன. கரையானும் ஈரமும் அவற்றை விட்டுவைப்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி நகல் வழங்க வேண்டியிருந்தது.

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம் போன்ற ஊர்களில் இந்தக் காகிதங்களுக்குக் கூடுதல் கனம் உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம், 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களை வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள் சார்ந்த வேலைகளில் சேர்ப்பதைத் தடை செய்கிறது. வயதை உறுதிசெய்ய 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் முதலில் கேட்பது, பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோதான். பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஊரில் சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு வரி ஒரு பிள்ளையைக் காப்பாற்றும். அந்த வரி மங்கிப்போகாமல் பார்த்துக்கொள்வது பள்ளியின் கடமை.

கைபேசிச் செயலிகள்

ஏ4 தாளை 300 டிபிஐ தெளிவில் பதிவு செய்ய 2480 x 3508 புள்ளிகள் வேண்டும்; அதாவது ஏறத்தாழ 87 லட்சம். 12 மெகாபிக்சல் கேமரா அதைத் தாராளமாகத் தரும். ஆகவே, இன்றைய சாதாரண ஆண்ட்ராய்டு கைபேசியே பெரும்பாலான பள்ளித் தாள்களுக்குப் போதுமான கருவி.

செயலிகளில் முதலில் பார்க்க வேண்டியது கூகுள் டிரைவ். ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் ஏற்கெனவே இருப்பதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. கேமராவைத் தாளின் மேல் பிடித்தால் விளிம்புகளைத் தானே கண்டறிந்து, கோணலை நிமிர்த்தி, பல பக்கங்களை ஒரே பிடிஎஃப் கோப்பாக்கிவிடும். 2017-ல் வெளிவந்த அடோபி ஸ்கேன், நிழலையும் கறையையும் நீக்குவதில் நன்றாகச் செயல்படுகிறது. ஆனால் அதற்குத் தனிக் கணக்கும் அந்நிறுவனத்தின் மேகச் சேமிப்பும் தேவை. ஒருகாலத்தில் எல்லோரும் வைத்திருந்த கேம்ஸ்கேனரை இந்திய அரசு 2020 ஜூனில் 58 செயலிகளுடன் சேர்த்துத் தடை செய்தது. அதற்கு முந்தைய ஆண்டே அதன் விளம்பரப் பகுதியில் தீநிரல் இருப்பதை காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் கண்டறிந்திருந்தனர். ஆசிரியர்கள் பலர் பயன்படுத்திய மைக்ரோசாப்ட் லென்ஸையும் கைவிடுவதாக அந்நிறுவனம் 2025-ல் அறிவித்துவிட்டது. செயலிகள் வரும், போகும். எனவே எந்தச் செயலியில் எடுத்தாலும், அந்தச் செயலிக்குள்ளேயே விட்டுவிடாமல் பிடிஎஃப் கோப்பாக வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

படம் நன்றாக அமைவது செயலியைவிட வெளிச்சத்தைப் பொறுத்தது. தாளை ஜன்னலோரம் வைத்து, கையின் நிழல் விழாமல் நேர்மேலிருந்து எடுக்க வேண்டும். ஃபிளாஷ் கூடாது, லேமினேட் செய்த சான்றிதழில் அது வெள்ளைத் திட்டாகி எழுத்தை மறைத்துவிடும். தாள் மெலிதாக இருந்து மறுபக்க எழுத்து தெரிந்தால், அடியில் ஒரு கறுப்பு அட்டையை வைத்தால் மறையும். பழைய மாற்றுச் சான்றிதழ்களில் நீல மை வெளிறியிருக்கும். செயலியின் கறுப்பு-வெள்ளை வடிகட்டி அந்த மையைத் தாளின் அழுக்கு என்று கருதி அழித்துவிடுகிறது. முத்திரையும் கையொப்பமும் உள்ள தாள்களை எப்போதும் வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும்.

தட்டை ஸ்கேனர்

யூஎஸ்பி கம்பி ஒன்றிலேயே மின்சாரமும் பெற்று இயங்கும் கேனன் லைட் 300 போன்ற ஏ4 ஸ்கேனர்களும், பள்ளி அலுவலகங்களில் உள்ள பிரிண்டர்களின் மேல்மூடி ஸ்கேனரும் இந்த வகை. லேமினேட் செய்த சான்றிதழ், மாணவர் புகைப்படம், மங்கிய முத்திரை ஆகியவற்றில் இவை கைபேசியை வென்றுவிடுகின்றன. ஒளி ஒரே சீராக விழுவதே காரணம்.

ஆனால் பள்ளியின் முக்கியமான காகிதத்திலேயே இவை தடுமாறுகின்றன. சேர்க்கைப் பதிவேடு ஏ4 அளவைவிட நீளமானது, கண்ணாடிக்குள் அடங்காது. கெட்டி அட்டை போட்டுத் தைத்த பதிவேடு கண்ணாடியில் படியாமல் நடு மடிப்பில் மேலெழும்பி நிற்கும். இவ்வகை ஸ்கேனரின் உணரி மெல்லிய ஆழத்தை மட்டுமே தெளிவாகக் காண்பதால் மடிப்போர எழுத்துகள் கலங்கிவிடுகின்றன. பதிவேட்டை அழுத்தினால் தையல் விடும். ஆகவே பதிவேடுகளுக்குக் கைபேசியே சரி: இருபுறமும் புத்தகங்களை முட்டுக்கொடுத்து, பக்கம் பக்கமாக எடுக்கலாம். தாள்களைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர்கள் ஒரே அளவு வினாத்தாள்களுக்குப் பயன்படும்; பழைய சான்றிதழ்களை அவற்றில் செலுத்தவே கூடாது.

தமிழ் எழுத்தறிதல்

அச்சிட்ட வினாத்தாளைப் படமாக மட்டும் வைத்தால் அடுத்த ஆண்டு அதைத் திருத்திப் பயன்படுத்த முடியாது. டிரைவில் உள்ள கோப்பை கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் எழுத்துகள் பிரிந்து வரும். தெளிவான தமிழ் அச்சில் முடிவு நன்றாகவே இருக்கிறது. கோப்பு 2 எம்பிக்குள் இருப்பதும் தாள் நேராக இருப்பதும் அவசியம். அட்டவணை, கணிதக் குறியீடு, இரண்டு பத்திகளாக அமைந்த பக்கம் ஆகியவை குலைந்துதான் வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, னை, லை போன்றவை பழைய வடிவில் இருப்பதால் பிழைகள் கூடும். கையெழுத்துத் தாள்களில் இந்த வசதியை நம்பக்கூடாது. பதிவேட்டின் பெயரும் தேதியும் கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டியவை.

பெயரிடலும் அடுக்கலும்

வேலையின் உயிர்நாடி இதுதான். செயலி தானாக வைக்கும் பெயரோடு குவிந்த கோப்புகளில் வேண்டியதைத் தேடுவதைவிட பீரோவில் தேடுவது எளிது. பெயரை வைத்து அடுக்குவதும் குழப்பமே: ஒரே வகுப்பில் இரண்டு மாரீஸ்வரிகள் இருப்பார்கள். யூனிகோடு நிரலில் தமிழ் எழுத்துகளின் வரிசையும் அகராதி வரிசையிலிருந்து மாறுபடுகிறது. அங்கே ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும் நிற்கின்றன. எண்ணில் தொடங்குவதே நல்லது. சேர்க்கை எண், பெயர், ஆவண வகை, ஆண்டு என்ற ஒழுங்கில் ‘4127_மாரீஸ்வரி_பிறப்புச்சான்று_2024’ என்று வைத்தால் ஒருவருடைய தாள்கள் எல்லாம் அடுத்தடுத்து நிற்கும். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது ஒரு எண்ணைத் தேடினாலே போதும். மாணவர் ஆவணங்களைக் கல்வியாண்டு, வகுப்பு என்றும், கற்பித்தல் தாள்களைப் பாடம், இயல் என்றும் இரண்டு தனிக் கோப்புறைகளில் வைக்க வேண்டும்.

சேமிப்பும் பாதுகாப்பும்

கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. பக்கத்துக்கு அரை எம்பி என்று கொண்டாலும் ஏறக்குறைய 30,000 பக்கங்கள் கொள்ளும். ஆனால் மின்னஞ்சலும் புகைப்படங்களும் அதே இடத்தைப் பங்கு போடுகின்றன. கணக்கு பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும். ஆசிரியரின் சொந்தக் கணக்கில் இருந்தால், மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு ஊர் போகும்போது ஆவணங்களும் போய்விடும். இரண்டு ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் கணக்கை கூகுள் நீக்கிவிடக்கூடும். எனவே வெளித்தட்டு ஒன்றில் இன்னொரு படியும் தேவை.

வாட்ஸ்அப் குழுவில் ஆதார் நகலைப் போடச் சொல்வது பழக்கமாகிவிட்டது; அது நிற்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. ஆதார் எண் தேவைப்படாத இடங்களில், முதல் 8 இலக்கங்களை மறைத்து ஆதார் ஆணையம் தரும் வடிவம் போதும். ஸ்கேன் செய்த படி சட்டப்படி அசலுக்கு ஈடாகாது என்பதையும் மறக்கக்கூடாது. டிஜிலாக்கரில் அரசுத் துறைகளே வழங்கும் ஆவணத்துக்கு மட்டுமே அந்தத் தகுதி உண்டு. அங்கே நாம் பதிவேற்றும் படிக்குக் கிடையாது.

தீர்ப்பு

அன்றாட வேலைக்குக் கைபேசியும் கூகுள் டிரைவும் போதும். சான்றிதழ்களுக்கும் புகைப்படங்களுக்கும் அலுவலகத்தில் இருக்கும் தட்டை ஸ்கேனரைப் பயன்படுத்தலாம். இதற்கென்று புதிதாக வாங்க வேண்டிய கட்டாயமில்லை. தொடங்கும் பள்ளிகள் சேர்க்கைப் பதிவேட்டை முதலில் எடுக்கட்டும், அடுத்தது மாற்றுச் சான்றிதழ் கோப்பு, வினாத்தாள்கள் கடைசியில். எடுத்த அன்றே பெயரிட்டு, அசலைப் பத்திரமாகப் பீரோவில் திரும்ப வைக்க வேண்டும்.