லோக்கல் ஆள் எங்கே சாப்பிடுகிறார்? சென்னை உணவு வழிகாட்டிகள் பற்றிச் சில குறிப்புகள்

இந்தக் குறிப்புகளை ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம்: லோக்கல். ஆங்கிலத்தில் பயணக் கட்டுரை எழுதுபவர்களுக்கு அது பாராட்டுச் சொல். ஊர்க்காரர் போல நட, ஊர்க்காரர் போலச் சாப்பிடு என்று அவர்கள் சொல்லும்போது அதில் ஓர் ஏக்கம் இருக்கிறது. சென்னைத் தமிழில் அதே சொல் வசை. "ரொம்ப லோக்கலா பேசாத", "அது லோக்கல் ஏரியா, ராத்திரி போகாத" என்பதற்குள் சாதி, வர்க்கம், கூவத்துக்கு வடக்கா தெற்கா என்கிற கணக்கு எல்லாம் அடங்கிவிடும். ஒரே நகரத்தில் ஒரே சொல் பேச்சில் வசையாகவும் காணொளித் தலைப்பில் பெருமையாகவும் ஓடுகிறது. இந்த முரணைக் கையில் வைத்துக்கொண்டுதான் சென்னை உணவு வழிகாட்டிகளைப் படிக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

வழிகாட்டி என்று நான் சொல்வது மூன்று வகை. யூடியூப் காணொளிகள்; 'சென்னையில் கட்டாயம் சாப்பிட வேண்டிய' என்று தொடங்கும் பட்டியல்கள்; வார இறுதியில் கட்டணம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போகும் உணவு நடைகள். மூன்றுக்கும் வரைபடம் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் மயிலாப்பூரில் பொங்கல், ஃபில்டர் காபி. மதியம் திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ். சாயங்காலம் சௌகார்பேட்டையில் முறுக்கு சாண்ட்விச். ராத்திரி பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ. இடையில் கொஞ்சம் துணிச்சல் காட்ட காசிமேடு மீன்.

முதலில் இவற்றுக்குச் சேர வேண்டிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அடையாற்றிலும் வேளச்சேரியிலும் வளர்ந்து, சென்ட்ரலைத் தாண்டி வடக்கே போனதே இல்லாத எத்தனையோ பேரை இந்தக் காணொளிகள் பாரிமுனைக்கு அனுப்பியிருக்கின்றன. ஒரு தள்ளுவண்டிக்காரருக்கு வியாபாரம் கூடியிருக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். என் கேள்வி வேறு. ஊர்க்காரர் போலச் சாப்பிடுங்கள் என்று அழைத்துவிட்டு, இவர்கள் காட்டுவது ஊர்க்காரரின் சாப்பாட்டைத்தானா?

1. அத்தோவின் ஒற்றை வரி வரலாறு

அத்தோவைக் காட்டாத வழிகாட்டி இல்லை. 'பர்மாவிலிருந்து வந்த உணவு' என்று ஒரு வரி வரும். அடுத்த நொடி கேமரா நூடுல்ஸ் தட்டுக்குள் இறங்கிவிடும். அந்த ஒரு வரிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் தமிழர்கள் பர்மாவுக்குக் கூலி வேலைக்கும் வியாபாரத்துக்கும் கப்பலேறினார்கள். 1942இல் ஜப்பானியப் படையெடுப்புக்குப் பயந்து நடந்தே திரும்பியவர்கள் உண்டு. 1962இல் நெ வின் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் தேசியமயமானபோது மிச்சம் இருந்தவர்களில் பெரும் பகுதி கையில் ஒன்றுமில்லாமல் வந்து இறங்கியது. அவர்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்றுதான் 1969இல் கடற்கரை ஓரமாக பர்மா பஜார் வந்தது.

பர்மிய மொழியில் அத்தோ என்றால் கையால் கலந்து பிசைந்த உணவு. நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், நொறுக்கிப் போட்ட தட்டை. கூடவே வாழைத்தண்டு போட்ட சூப். பல கடைகளில் இன்றைக்கும் கையால்தான் பிசைகிறார்கள். பிசைகிற கையைக் காட்டி, கையுறை போடவில்லையே என்று முகம் சுளிக்கும் காணொளிகளும் உண்டு. பெயரே பிசைதல்தான் என்று தெரிந்திருந்தால் அந்தக் காட்சியை வேறு மாதிரி எடுத்திருப்பார்கள். ருசிக்கு வரலாறு அவசியமா என்று கேட்கலாம். ருசிக்கு வேண்டாம். ஊர்க்காரர் போல என்று சொல்லிக்கொள்வதற்கு வேண்டும்.

2. 'பெஸ்ட்' யாருடைய சொல்?

வழிகாட்டிகளின் உயிர் 'பெஸ்ட்' என்கிற சொல்லில் இருக்கிறது. பெஸ்ட் இட்லி, பெஸ்ட் வடகறி, பெஸ்ட் பிரியாணி. எனக்குத் தெரிந்து இது வந்து போகிறவரின் சொல். ஒரு நாள்தான் இருப்பார், ஒரு வயிறுதான் இருக்கிறது. அதனால் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. குடியிருப்பவர் அப்படிச் சாப்பிடுவதில்லை. அவருக்கு முதல் கணக்கு தூரம், இரண்டாவது விலை, மூன்றாவது நேரம். ருசி அதற்கப்புறம்தான். வேலைக்குக் கிளம்புமுன் எட்டு மணிக்குள் கிடைக்கிற இட்லிதான் அவருடைய இட்லி. சம்பளம் வரும்வரை கணக்கு எழுதிக்கொள்கிற கடைதான் அவருடைய கடை. "நம்ம கடை" என்கிற சொல்லுக்குள் உரிமையும் இருக்கிறது, கடனும் இருக்கிறது. அதைப் 'பெஸ்ட் கடை' என்று மாற்றி எழுதினால் இரண்டுமே காணாமல் போகும்.

திருவல்லிக்கேணி மெஸ்களை எடுத்துக்கொள்வோம். சாம்பார் எப்படி, பொரியல் எப்படி, எத்தனை நேரம் வரிசையில் நின்றோம் என்றெல்லாம் விலாவாரியாகச் சொல்வார்கள். அந்தத் தெருக்களில் ஏன் இத்தனை மெஸ் என்ற கேள்வி வராது. பதில் மாடியில் இருக்கிறது. அங்கே இருப்பவை மேன்சன்கள். வேலை தேடியும் பரீட்சைக்குப் படிக்கவும் சினிமா வாய்ப்புக்கும் வெளியூரிலிருந்து வந்த ஆண்கள் தங்கும் அறைகள். அறையில் கட்டில் உண்டு, அடுப்பு கிடையாது. அடுப்பில்லாத அறைகளின் பொதுச் சமையலறைதான் மெஸ். இதைச் சொல்லிவிட்டால் அந்தச் சாம்பார் கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

சௌகார்பேட்டையும் இப்படித்தான். கம்பெனியின் நாணயச்சாலை இருந்ததால் தங்கசாலை, ஆங்கிலத்தில் மின்ட் தெரு. மொத்த வியாபாரமும் அடகுக்கடையும் சேட்டுக் குடும்பங்களும் நெருக்கியடித்த இடம். பக்கத்துக் கொத்தவால்சாவடியில் 1996 வரை நகரத்தின் காய்கறிச் சந்தை இருந்தது. அதற்கப்புறம் கோயம்பேட்டுக்குப் போனது. நாள் முழுக்கக் கடையில் நிற்கிறவர்களும் சுமை தூக்குகிறவர்களும் வாங்க வருகிறவர்களும் நின்றபடி எதையாவது வாயில் போட்டுக்கொண்டு நகர வேண்டிய தெரு அது. சாட்டும் முறுக்கு சாண்ட்விச்சும் அந்தத் தெருவுக்குப் பொருத்தமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

3. தெற்கே பாரம்பரியம், வடக்கே கெத்து

இந்தக் காணொளிகளின் மொழியைக் கொஞ்ச நாளாகக் கவனித்துக் குறிப்பெடுத்து வருகிறேன். மயிலாப்பூர் என்றால் 'பாரம்பரியம்', 'சுத்தம்', 'தெய்வீகம்'. பின்னணியில் வீணை. வடசென்னை என்றால் 'கெத்து', 'மரண மாஸ்', 'வேற லெவல்'. பின்னணியில் பறையோ கானாவோ. ஒரு பக்கத்துச் சாப்பாட்டுக்குக் கலாச்சாரம் இருக்கிறது. இன்னொரு பக்கத்துச் சாப்பாட்டுக்கு வீரியம் மட்டும்தான் இருக்கிறது. வடசென்னை என்றாலே ரவுடி என்று தமிழ் சினிமா பல வருடம் பழக்கிவைத்த பார்வையின் மிச்சம் இது. வியாசர்பாடிக் குடியிருப்பில் கால்பந்தும் அரசியலும் நட்பும் இருப்பதை 'மெட்ராஸ்' (2014) காட்டிய பிறகும் உணவுக் கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பீஃப் பிரியாணி ஓர் உதாரணம். புளியந்தோப்பிலும் பெரம்பூரிலும் அது சாதாரணச் சாப்பாடு. வேலை முடிந்து பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துப் போகிற சாப்பாடு. வழிகாட்டிகளில் ஒன்று அது இருக்காது, அல்லது சாகசமாக இருக்கும். மயிலாப்பூர்ப் பொங்கலைச் சாப்பிடும்போது யாரும் துணிச்சலைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்த வித்தியாசம் தட்டோடு நின்றால் பரவாயில்லை. வீட்டு வாசல் வரைக்கும் வருகிறது. 'வெஜிடேரியன் மட்டும்' என்று எழுதிய டு-லெட் பலகையைச் சென்னையில் வீடு தேடிய எல்லோருக்கும் தெரியும். வாடகை கொடுக்கக் காசு இருந்தாலும், சமையலறையில் என்ன வேகும் என்பதைப் பொறுத்துத்தான் எந்தப் பேட்டையில் குடியிருக்கலாம் என்பது முடிவாகிறது. உணவையும் பேட்டையையும் இணைத்து எழுத வந்தவர்கள் கண்ணில் முதலில் பட்டிருக்க வேண்டியது இந்தப் பலகை. ஒரு வழிகாட்டியிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

4. கடை வாசலில் யார் நிற்கிறார்கள்?

இன்னொரு விஷயம். 'ஊர்க்காரர்' என்று இவர்கள் கற்பனை செய்கிறவர் பெரும்பாலும் ஆண். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் புரட்டுவார், ராத்திரி பதினொரு மணிக்குக் கொத்துப் பரோட்டா சாப்பிடுவார். அதே தெருவில் குடியிருக்கும் பெண்ணின் உணவு வரைபடம் வேறு. டீக்கடையில் அவருக்கு நின்று குடிக்க இடமிருந்தாலும் நிற்க மாட்டார். தூக்குச் சட்டியில் வாங்கிப் போவார். பரோட்டா அவரிடம் பார்சலாகத்தான் வந்து சேரும்.

ஆனால் காலையில் வீட்டு வாசலிலேயே அடுப்பை வைத்து இட்லி, ஆப்பம் சுட்டு விற்பவர் பெரும்பாலும் பெண்தான். பெயர்ப்பலகை கிடையாது, "ஆயா கடை", "அக்கா கடை" என்பதுதான் பெயர். ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் மாவு தீர்ந்து கடை முடிந்துவிடும். மத்தியானக் கேழ்வரகுக் கூழ் வண்டியும் அப்படித்தான். ஆட்டோக்காரரும் கட்டட வேலை செய்பவரும் மோர் மிளகாய், மாங்காய், கருவாடு தொட்டுக்கொண்டு நின்றபடியே குடித்துவிட்டுப் போவார்கள். கேமரா அங்கே வந்தால் 'ஆரோக்கிய பானம்' என்று பெயர் வைக்கும். குடிப்பவருக்கு அது மத்தியானச் சாப்பாடு.

5. வரைபடத்துக்கு வெளியே

உண்மையில் இந்த ஊர்க்காரர் எங்கே சாப்பிடுகிறார் என்று கேட்டால், அம்மா உணவகத்தைச் சொல்லாமல் பதிலே இல்லை. 2013இல் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். சீக்கிரமே மாநகராட்சியின் வார்டுகள் முழுக்கப் பரவியது. அதன் அரசியலைப் பற்றி யாரும் எப்படியும் நினைத்துக்கொள்ளட்டும். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிக்குத் துணையாக வந்தவர் என்ன சாப்பிடுகிறார் என்பதற்கு அதுதான் விடை. 'லோக்கல் போலச் சாப்பிடுங்கள்' பட்டியல்களில் நான் அதைத் தேடிப் பார்த்தேன். ஏழைகள் பற்றிய செய்தியில் இருக்கிறது, உணவுப் பட்டியலில் இல்லை.

கண்ணகி நகரும் இல்லை. 2000ஆம் ஆண்டு முதல் நகர நடுவிலிருந்தும் ஆற்றங்கரைகளிலிருந்தும் அகற்றப்பட்டவர்களை அரசு அங்கே கொண்டுபோய்க் குடியமர்த்தியது. பிறகு பெரும்பாக்கம். தள்ளுவண்டியும் மீன் கூடையும் வீட்டு வேலையும் வைத்திருந்தவர்கள் பிழைப்புக்கு அங்கிருந்து தினமும் பஸ் பிடிக்க வேண்டியதாயிற்று. 2020இல் கட்டடச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வந்தபோது போட்டோ எடுக்க ஆட்கள் போனார்கள். சென்னையின் பழைய தெருக்களில் சமைத்துப் பழகிய கைகள் அங்கே இருக்கின்றன. அவற்றைத் தேடிப் போன உணவு நடையை நான் பார்க்கவில்லை.

காசிமேடு மீனைக் கொண்டாடுகிறவர்கள் கொஞ்சம் வடக்கே தள்ளி எண்ணூரைப் பேசுவதில்லை. அனல்மின் நிலையச் சாம்பல் பல வருடமாகக் கழிமுகத்தில் படிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி, படகிலும் வலையிலும் அப்பி, மீனவர்களின் தொழில் முடங்கிப்போனது. மீனின் ருசியைப் பற்றிப் பேசுகிறவர் அந்த மீன் வாழ்ந்த தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை பேசலாம்.

6. வேறு எப்படி எழுதலாம்?

ஒரு நாளில் பத்துக் கடை என்பதை முதலில் விட்டுவிடலாம். ஒரு பேட்டை, ஒரு பஸ் ரூட் போதும். அதே கடைக்கு நாலு தடவை, நாலு வெவ்வேறு நேரத்தில் போக வேண்டும். சைதாப்பேட்டை வடகறி காலையில் யாருக்கு, சாயங்காலம் யாருக்கு என்று நாலாவது நாள்தான் தெரியும்.

கேட்கிற கேள்விகளையும் மாற்றலாம். "உங்க ரகசிய மசாலா என்னண்ணே?" என்று கேட்கிற நேரத்தில், கேன் தண்ணிக்கு மாசம் எவ்வளவு ஆகுது, சிலிண்டர் விலை ஏறினப்போ என்ன பண்ணீங்க என்று கேட்டால் அந்தத் தெருவே பதில் சொல்லும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, பல ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டையே நிறுத்தின. தண்ணீர்தான் இந்த ஊர்ச் சமையலின் முதல் சாமான் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. "மாநகராட்சி அட்டை கிடைச்சுதா?" என்றும் கேட்கலாம். 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும். காணொளியால் கூட்டம் சேர்ந்து, போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று புகார் போனால், வண்டியைத் தூக்குகிற நாளில் அந்த அட்டைதான் பேசும். லைக் வந்து பேசாது.

இதெல்லாம் சாப்பாட்டின் சந்தோஷத்தைக் கெடுக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வாழைத்தண்டு சூப் அதே சூடாகத்தான் இருக்கும். ஊற்றிக் கொடுப்பவரின் அப்பாவோ தாத்தாவோ எந்தக் கப்பலில் வந்து இறங்கினார் என்று கேட்டால், பல கடைகளில் இரண்டாவது கரண்டியும் காசில்லாமல் விழும்.