மாறிகளின் தேர்வும் கணிப்பின் மதிப்பீடும்: மார்டள்ளித் தமிழை முன்வைத்து ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

மொழிவழக்கு ஆய்வுகளில் புள்ளியியல் சோதனைகள் இரு பணிகளுக்குப் பயன்படுத்தப்படுகின்றன. பல சமூகக் காரணிகளுள் எவை மொழி வேறுபாட்டோடு தொடர்புடையன எனத் தெரிந்தெடுத்தல் ஒன்று. அவ்வாறு தெரிந்தெடுத்தவற்றைக் கொண்டு செய்யும் கணிப்பு எந்த அளவிற்குப் பொருந்துகிறது என மதிப்பிடுதல் மற்றொன்று. முதற்பணியில் சோதனையின் மீது அளவிற்கு மீறிய பொறுப்பு சுமத்தப்படுகிறது. இரண்டாம் பணியிலோ அது போதிய அளவு பயன்படுத்தப்படுவதில்லை. இதனால் விளையும் பிழைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. களமும் சிக்கலும்

மார்டள்ளி இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. அம்மாவட்டம் 1997இல் மைசூர் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இவ்வூரை உள்ளடக்கியிருந்த கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநிலச் சீரமைப்பின்போது மைசூர் மாநிலத்தோடு இணைக்கப்பட்டது. தமிழ் பேசும் கத்தோலிக்கர் பெருந்தொகையினராக வாழும் ஊர் இது. மாநிலத்தின் ஆட்சிமொழி கன்னடம்.

இத்தகைய களத்தில் ழகர ஒலிப்பு ஆராயப்படுவதாகக் கொள்க. 'பழம்' என்னும் சொல்லை ழகரத்தோடு ஒலிப்போர் யார், 'பளம்' என ஒலிப்போர் யார் என்பது வினா. வயது, பால், கல்வி, பயிற்றுமொழி, சமயம், சாதி, தொழில், குடியிருப்பு, வீட்டுமொழி, சந்தைத் தொடர்பு எனச் சமூக மாறிகளின் பட்டியல் எளிதில் இருபதை எட்டிவிடும். ஒவ்வொரு மாறிக்கும் கை-வர்க்கச் சோதனை செய்து, 5 விழுக்காட்டு நிலையில் தேறுவனவற்றை மட்டும் கொண்டு முடிவுரைப்பது பலரும் கையாளும் முறையாகும்.

2. தேர்வு முறையின் குறைகள்

முதற்குறை எண்ணிக்கை பற்றியது. 5 விழுக்காட்டு நிலை என்பது உண்மையில் தொடர்பில்லாத இடத்திலும் நூற்றில் ஐந்து முறை தொடர்பிருப்பதாகக் காட்டும் அளவு. ஒன்றையொன்று சாராத இருபது மாறிகளைச் சோதித்தால், எதற்குமே தொடர்பில்லாத நிலையிலும் ஒன்றேனும் தேறுவதற்கான நிகழ்தகவு 64 விழுக்காடு. அவ்வாறு தேறிய ஒன்றை மட்டும் எழுதிப் பத்தொன்பதை எழுதாது விடும் கட்டுரை, படிப்போர்க்குச் சோதனையின் வலிமையைத் தவறாக உணர்த்துகிறது.

இரண்டாம் குறை தரவின் தன்மை பற்றியது. இருபது தகவலாளரிடம் ஆளுக்கு ஐம்பது சொல்வருகைகள் திரட்டினால் ஆயிரம் வருகைகள் கிடைக்கும். கை-வர்க்கச் சோதனை அவற்றை ஆயிரம் தனித்தனிச் சான்றுகளாகக் கொள்ளும். உண்மையிலோ ஒருவர் வாயில் வரும் ஐம்பதும் ஒரே ஒலிப்புப் பழக்கத்தின் வெளிப்பாடுகள். சமூக மாறிகளைப் பொறுத்தவரை சான்றுகளின் எண்ணிக்கை இருபதிற்கே நெருக்கமானது. செடர்கிரென், சாங்கோஃப் ஆகியோர் 1974இல் முறைப்படுத்திய மாறுவிதிப் பகுப்பாய்வும் நெடுங்காலம் இக்குறையோடுதான் இயங்கியது. தனி மனித வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளும் கலப்பு விளைவு முறையை அத்துறையினர் எளிதில் கையாளத்தக்க கருவியாக டேனியல் ஜான்சன் 2009இல் அறிமுகப்படுத்தினார்.

மூன்றாம் குறையே மார்டள்ளி போன்ற ஊர்களில் மிகவும் கருதத்தக்கது. வீட்டுமொழி, சமயம், குடியிருப்பு ஆகியவை சேர்ந்தே அமையும் இடத்தில் அவற்றைச் சோதனையால் பிரித்தறிய இயலாது. மாறிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தும் நீக்கியும் பார்க்கும் படிநிலைத் தேர்வில், தகவலாளருள் இருவர் மூவர் மாறினாலும் ஒரு முறை சமயம் தேறும். மறுமுறை குடியிருப்பு தேறும். தேறாதது தொடர்பற்றது என்னும் பொருள் இதிலிருந்து கிடைக்காது. ஆயினும் சமயம் தேறிய ஆய்வு 'கிறித்தவத் தமிழ்' என ஒரு வழக்கையே நிறுவிவிடக்கூடும். அப்பெயர் பாடநூலிலும் அகராதிக் குறிப்பிலும் மொழிபெயர்ப்பாளரின் வழக்குத் தேர்விலும் இடம்பெறும். இருபது பேரின் தற்செயல் அமைப்பு ஒரு மக்கட்பிரிவின் மொழி அடையாளமாகிவிடும்.

மராட்டியத்தின் சாங்லி மாவட்டத்துக் குப்வார் சிற்றூரைப் பற்றிக் கம்பர்ஸ், வில்சன் ஆகியோர் 1971இல் வெளியிட்ட ஆய்வு இங்கு ஒப்பிடத்தக்கது. அங்குச் சமணர் கன்னடமும் முஸ்லிம்கள் உருதுவும் வீட்டுமொழியாகக் கொண்டிருந்தனர். சமூகப் பிரிவும் மொழியும் பிணைந்தே இருந்தன. அவ்வாய்வாளர்கள் எது காரணி எனச் சோதனையைக் கேட்கவில்லை. எந்த மொழி யாருக்கிடையே எச்சூழலில் வழங்குகிறது என்பதைக் கண்டு, அதன்வழி இலக்கண ஒருமுகப்பாட்டை விளக்கினர். பிணைப்பையே அவர்கள் ஆய்வுப் பொருளாக்கினர் எனலாம்.

3. கோட்பாட்டின் வழி மாறித் தேர்வு

சோதனைக்கு முன்னரே மாறியைத் தேர்ந்துகொண்ட சிறந்த எடுத்துக்காட்டு திராவிட மொழியியலிலேயே உள்ளது. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி, லிங்கன் மோசஸ், டக்ளஸ் டான்ஃபோர்த் ஆகியோர் 1983இல் வெளியிட்ட ஆய்வு கோண்டி, கொண்டா, கூயி, கூவி, பெங்கோ, மண்டா ஆகிய ஆறு மொழிகளின் கிளையுறவை ஆராய்ந்தது. தமிழில் 'இரண்டு' எனவும் தெலுங்கில் 'ரெண்டு' எனவும் வருவதில் காணப்படும் நுனிநா மெய்யின் இடமாற்றமே அவர்கள் கொண்ட ஒரே மாறி. இம்மாற்றம் சொல் சொல்லாகப் பரவுவது என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. மாற்றத்திற்கு இடமுள்ள 63 சொற்களைக் கொண்டு, ஆறு மொழிகளுக்கு அமையக்கூடிய 945 இருகிளை மரங்களையும் அவர்கள் மதிப்பிட்டனர். சிறந்ததாகத் தேறிய மரம், பிற சான்றுகளால் ஒப்பியல் முறை கண்ட பகுப்போடு பெரிதும் ஒத்தது.

இங்கு மாறியைத் தந்தது ஒலியியல் அறிவு. எல்லா மரங்களும் கணக்கில் வந்தமையால் விருப்பமானதை மட்டும் காட்டும் வாய்ப்பு இல்லை. முடிவைச் சரிபார்க்கும் சான்று வேறிடத்திலிருந்து வந்தது. கணிப்பொறியின் ஆற்றல் பெருகிய பின் 2018இல் வெளிவந்த திராவிட மொழிக்குடும்ப ஆய்வு 20 மொழிகளைக் கொண்டு அக்குடும்பத்தின் வயதைச் சுமார் 4500 ஆண்டுகள் என மதிப்பிட்டது. பெருங்கிளைகளுக்கு இடையிலான உறவு உறுதிப்படவில்லை என்பதையும் அது வெளிப்படையாகக் கூறியது. உறுதியின்மையையும் முடிவின் பகுதியாகத் தருவது பின்பற்றத்தக்க நெறியாகும்.

4. கணிப்பின் மதிப்பீடு

மேலே கொண்ட களத்தில் ஆயிரம் வருகைகளுள் 850 ளகரமாக இருப்பின், எதையும் ஆராயாமல் 'எல்லாரும் ளகரமே ஒலிப்பர்' எனக் கூறுபவரும் 85 விழுக்காடு சரியாகக் கணிப்பார். பத்து மாறிகளைக் கொண்ட சமன்பாடு 87 விழுக்காடு பொருந்தியது என்றால், அதன் பயன் இரண்டு விழுக்காடு மட்டுமே. அந்தச் சமன்பாட்டை அமைக்கப் பயன்பட்ட அதே தரவில் அளந்திருந்தால் அவ்விரண்டும் ஐயத்திற்குரியவை. ஒரு தகவலாளரை முழுமையாக விலக்கி, ஏனையோரைக் கொண்டு அவரைக் கணித்து, இதை ஒவ்வொருவருக்கும் செய்து காண்பதே பொருத்தமான மதிப்பீடு. வருகைகளைக் கலைத்துப் பாதியை விலக்குவது போதாது. அதே மனிதர் இருபுறமும் இருப்பார்.

கணிப்பு சரியானாலும் காரணம் நிறுவப்பட்டதாகாது. பழங்கன்னடத்தில் இருந்த ழகரம் இடைக்காலத்திலேயே மறைந்தது. ஆகவே மார்டள்ளியில் கன்னடவழிக் கல்வி பெற்றோர் ளகரம் ஒலிப்பதாகத் தேறினால், அதைக் கன்னடத் தாக்கம் எனக் கூறத் தோன்றும். ஆனால் ழகரம் ளகரமாவது தமிழகத்தின் பல வட்டார வழக்குகளிலும் உள்ளது. எல்லைக்கு அப்பால், கன்னடத் தொடர்பு குறைந்த தமிழ்ச் சிற்றூரில் அதே வயதினரிடம் விகிதம் குறைவாக இருக்கும் என்பதே தாக்கக் கொள்கையின் உண்மையான கணிப்பு. களத்திற்குச் செல்லுமுன் அதை எழுதிவைத்துப் பின்னர்ச் சோதித்தால்தான் சோதனைக்குப் பொருள் உண்டு.

மொழிபெயர்ப்புத் துறையிலும் இதே நிலையைக் காணலாம். எந்திர மொழிபெயர்ப்பை மதிப்பிட 2002 முதல் வழங்கும் புளூ அளவு சொற்களின் நேர்ப்பொருத்தத்தை எண்ணுகிறது. 'வீட்டிலிருந்து' என்பதும் 'வீட்டில் இருந்து' என்பதும் அதற்கு வெவ்வேறானவை. ஒட்டுநிலை மொழியான தமிழுக்கு இது பெருங்குறை. 2010 முதல் 2020 வரையிலான 769 கட்டுரைகளை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த மதிப்பீடு, மிகப் பெரும்பாலானவை இவ்வளவையே நம்பியதையும் சிறப்புகாண் சோதனை செய்யும் வழக்கம் குறைந்து வந்ததையும் காட்டியது. மாறித் தேர்வில் தேவைக்கு மேல் பயன்படும் சோதனை, அது மிகவும் வேண்டப்படும் கணிப்பு மதிப்பீட்டில் கைவிடப்படுகிறது.

5. முடிவுரை

மாறிகளைக் களஅறிவும் மொழியியல் கோட்பாடும் தருதல் வேண்டும். சோதித்த மாறிகள் அனைத்தும், தேறாதவை உட்பட, பட்டியலிடப்பெற வேண்டும். பிணைந்து நிற்கும் மாறிகளைப் பிரித்து ஒன்றன்மேல் பழி சுமத்தாது, பிணைப்பைப் பிணைப்பாகவே கூறுதல் வேண்டும். கணிப்பு, புதிய மனிதரிடத்தும் எளிய ஊகத்தோடு ஒப்பிட்டும் அளக்கப்பெற வேண்டும். சிறுபான்மை மொழிச் சமூகங்களை ஆராயுங்கால் இவை இன்னும் கட்டாயமானவை. அத்தகைய ஊரைப் பற்றி எழுதப்படும் ஆய்வுகள் மிகச் சில. ஒன்றில் நேரும் பிழையைத் திருத்த மற்றொன்று எளிதில் வருவதில்லை.