டிரெசர் கொடுத்த சீட்டு

லாபு, சுவா பெத்தோங், லின்சம் என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், பழைய ஆட்கள் துரை, கிராணி, கங்காணி என்று தொடங்கி, தோட்ட மருத்துவமனை உதவியாளரான டிரெசரிடம் வந்து சற்று நிற்பார்கள். டாக்டர் எப்போதாவது வந்துபோகிறவர். மற்ற நாளெல்லாம் காய்ச்சலுக்கும் பேதிக்கும், உளிக் காயத்துக்கும் பாம்புக் கடிக்கும் டிரெசர்தான்.

அவருடைய பலம் படிப்பைவிட, இருந்த இடம். லயத்துக்கு நாலு எட்டில் அவர் வீடு. தமிழில் திட்டுவார், தமிழிலேயே தேற்றுவார். எந்த வீட்டில் குடி, எந்த வீட்டில் பட்டினி என்பது அவருக்குத் தெரியும். நோயாளி பாதி சொன்னால் மீதியை அவரே சொல்லிவிடுவார்.

ஆனால் அவருக்குச் சம்பளம் தந்ததும் தோட்டம்தான். காலைப் பெரட்டுக்கு, அதாவது ஆட்கணக்கெடுப்புக்கு, வர முடியாதவன் நோயாளியா, சோம்பேறியா என்று தீர்ப்பளிக்கும் சீட்டும் அவர் கையில் இருந்தது. நாட்கூலிக்காரனுக்கு அந்தச் சீட்டு மருந்தைவிடப் பெரிது. ‘கைராசிக்காரர்’ என்று புகழ்ந்த அதே வாய், ‘துரை ஆளு’ என்றும் சொன்னது. இரண்டும் உண்மை. மருத்துவ அறிவு குறைந்தவர் என்பதை அவருடைய முதன்மைக் குறையாக நான் கருதமாட்டேன். நோயாளிக்கும் முதலாளிக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பதே பெரிய குறை.

டாக்டர் அல்லாதவர் வைத்தியம் பார்ப்பது வெளிநாட்டிலும் வந்தது. 1965இல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும், தாதியரே நோயாளியைப் பரிசோதித்துச் சிகிச்சை தரும் பயிற்சியைத் தொடங்கினார்கள். அதே 1965இன் பெயரைத் தாங்கியதுதான் இங்கே மலேசியாவில் உள்ள தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம். டிரெசர் தாதியாகப் பயின்றவர் அல்லர். ஒப்பீட்டை அதிகம் இழுக்கக் கூடாது. ஆனாலும் அங்கே புதுமையாகத் தொடங்கிய வேலையை இங்கே பல பத்தாண்டுகளாகச் செய்துவந்தவர்களுக்கு அப்போதுதான் பதிவேடு வந்தது.

டாக்டருக்குப் பதில் தாதியர் பார்த்தால் என்ன ஆகும்? 2018இல் வெளியான, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மீளாய்வு 18 சோதனைகளைத் திரட்டிப் பார்த்தது. நோயாளியின் நலன் குறையவில்லை, மனநிறைவு சற்றுக் கூடியது, தாதியர் ஒதுக்கிய நேரமும் அதிகம். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த ஆய்வுகள் ஏறக்குறைய எல்லாமே பணக்கார நாடுகளில் நடந்தவை. செம்மண் பாதையைக் கடந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களுக்கு அந்த முடிவை அப்படியே நீட்டுவது சரியில்லை.

இன்று தோட்டத்து மூத்தவர்கள் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகிறார்கள். அங்கிருக்கும் மிஸ்ஸி எனும் தாதியோ உதவி மருத்துவ அதிகாரியோ துரைக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. பழைய குறை தீர்ந்தது. நோயும் மாறிவிட்டது. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் இன்னும் அதிகம். ஊசிபோட்டு அனுப்பித் தீராத, பேசிப் பேசி நடத்த வேண்டிய வைத்தியம் இது. தாதியர் டாக்டரை மிஞ்சக்கூடிய இடமும் இதுவே.

அந்தப் பேச்சோ பெரும்பாலும் மலாயில். சந்தை மலாய் தெரிந்த பாட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள். மொழிபெயர்க்கப் பேரன் கூட வருகிறான். அவன் முன்னால் சொல்ல முடியாத உபாதையை, மாத்திரைப் பையோடு அவள் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோகிறாள்.