வாளில் ஒளிந்திருக்கும் ஆயிரத்து அறுநூறு பொட்டுகள்

எத்தனையோ மார்கழி இரவுகளில் மொட்டைமாடியில் பைனாகுலரோடு நின்று, ஓரியன் விண்மீன்கூட்டத்தின் வாளில் தெரியும் அந்தப் பஞ்சுத் திட்டு போன்ற முகிலைப் பார்த்திருக்கிறேன். அழகுதான். ஆனால் அதே இடத்தைச் சந்திரா விண்தொலைநோக்கியின் எக்ஸ்-கதிர்ப் படத்தில் முதன்முதலாகப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கமே வரவில்லை. பஞ்சைக் காணோம்! கும்மிருட்டில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பொட்டுகள், வாரி இறைத்த மாதிரி. மொத்தம் 1,616. அவற்றில் ஏறத்தாழ 1,400 இளம் விண்மீன்கள். வயது பத்து லட்சம் ஆண்டு அளவில்தான். நம் சூரியனுக்கு 450 கோடிக்கு மேல் என்றால், இவை தொட்டில் குழந்தைகள்.

2003 ஜனவரியில் பதின்மூன்று நாள் காலத்தில் 8,38,000 விநாடி இந்த ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது சந்திரா. இந்த நோக்குத் திட்டத்தின் தலைவர் எரிக் ஃபைகல்சன். வாங்கிய ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் வந்த நேரம், ஆற்றல், இடம் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. அந்தத் தரவு யாருக்கும் இலவசம்!

நானும் இறக்கினேன். டிஎஸ்9 மென்பொருளில் திறந்து, ஒரு பொட்டைப் பிடித்து, மணிவாரியாக ஃபோட்டான்களை எண்ணி வரைந்தேன். தட்டையாகப் போன கோடு திடீரென்று செங்குத்தாக ஏறி, நிதானமாக இறங்கியது. காந்தப்புலம் முறுக்கிக்கொண்டு வெடித்த சுடர்! ஒளி இங்கு வந்து சேர அவ்வளவு காலம் ஆவதால், ஏறத்தாழ 1,400 ஆண்டுக்கு முன் நடந்தது, என் மேசைமேல். இந்த வயதில் சூரியனும் இன்றைவிட ஆயிரம் மடங்கு எக்ஸ்-கதிரை வீசியிருக்கும் என்கிறார்கள். நம்பாமல் என்ன செய்வது, கண்ணால் பார்த்தாயிற்றே.

நிறங்களில்தான் எனக்குப் பித்து. குறைந்த ஆற்றல் கொண்ட மென்கதிர் சிவப்பு, மிகுந்த ஆற்றல் கொண்ட வன்கதிர் நீலம். அடர்ந்த தூசி மென்கதிரை விழுங்கிவிடும், வன்கதிர் மட்டுமே தப்பி வரும். எனவே நீலப் பொட்டு என்றால் முகிலின் ஆழத்தில் புதைந்து கிடப்பது. இன்னும் இளையது ஹாப்ஸ் 383. உறையே கலையாத கருவிண்மீன் அது. 2017 டிசம்பரில் அதுகூட மூன்று மணி நேரத்துக்கும் மேல் எக்ஸ்-கதிரில் பளீரிட்டது. சற்று வளர்ந்த டிடபிள்யூ ஹைட்ரே என்ற விண்மீனில் கதை வேறு: அதைச் சுற்றியுள்ள வட்டிலிருந்து விழும் வாயு மேற்பரப்பில் மோதி, முப்பது லட்சம் டிகிரி அளவுக்குக் கொதித்து எக்ஸ்-கதிர் தருகிறது. ஆனாலும் வாயுவை வாரி உண்ணும் விண்மீன்கள், உண்டு முடித்தவற்றைவிடச் சராசரியாக மங்கல்! இந்தப் புதிர் எனக்கு இன்னும் அலுக்கவில்லை.



வரும் மார்கழியில் முதலில் வெறுங்கண்ணால் அந்த வாளைப் பாருங்கள். அப்புறம் உள்ளே வந்து படத்தைத் திறங்கள். அந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.