அடைவு எண்ணும் அளவீட்டுப் பிழையும்: கணித, கணினி அறிவியல் துறைகளின் இலக்கு மதிப்பீடு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழகத் துறைகள் தம் இலக்குகள் எட்டப்பட்டனவா என்பதை ‘அடைவு நிலை’ என்னும் எண்ணால் அறிவிக்கின்றன. அவ்வெண்ணைக் கணக்கிடும் முறை கணிதவியல் நோக்கில் ஏற்கத்தக்கதன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. மாற்று வழியொன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பாட விளைவு, படிப்பு விளைவு, அடைவு நிலை, அளவீட்டுப் பிழை, கொடைக்கானல்.

முன்னுரை

பழனி மலைத்தொடரில் அமைந்த கொடைக்கானலில் அளவீட்டோடு தொடர்புடைய இரு நிறுவனங்கள் உள்ளன. ஒன்று, 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகம். மற்றொன்று, 1984இல் தமிழ்நாடு அரசின் சட்டத்தால் மகளிர் உயர்கல்விக்கெனத் தோற்றுவிக்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். முன்னது கதிரவனை அளக்கிறது. பின்னது, ஏனைய பல்கலைக்கழகங்களைப் போலவே, மாணவியரின் கற்றலை அளக்கக் கடமைப்பட்டுள்ளது. இங்கு எழுப்பப்படும் வினா தனியொரு நிறுவனத்தைப் பற்றியதன்று. நாடெங்கும் பின்பற்றப்படும் பொதுவான மதிப்பீட்டு முறையைப் பற்றியது.

இலக்குகளின் மொழி

பல்கலைக்கழக மானியக் குழுவால் 1994இல் அமைக்கப்பட்ட தேசிய மதிப்பீட்டு மற்றும் தரச்சான்றுக் குழு, கற்றல் விளைவுகளை வரையறுத்து வெளியிடுமாறும் அவற்றின் அடைவை மதிப்பிடுமாறும் கோருகிறது. இதற்கெனத் துறைகள் ஒவ்வொரு தாளுக்கும் பாட விளைவுகளை எழுதி, அவற்றைப் படிப்பு விளைவுகளோடு 1, 2, 3 என்னும் எண்களால் இணைத்து அணியாக்குகின்றன. ‘நினைவுகூர்தல்’, ‘பயன்படுத்துதல்’, ‘பகுத்தாய்தல்’ முதலிய வினைச்சொற்கள் புளூம் 1956இல் வெளியிட்ட வகைப்பாட்டையும் அதன் 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் ஒட்டியவை. இலக்கை வெளிப்படையாக எழுதுவது நன்றே. சிக்கல் அதனை எண்ணாக்கும் இடத்தில் தொடங்குகிறது.

கணக்கீட்டின் மூன்று குறைகள்

முதலாவது, சராசரி. வகுப்பில் 70 விழுக்காட்டினர் இலக்கு மதிப்பெண்ணை எட்டினால் நிலை 3, 60 விழுக்காட்டினர் எட்டினால் நிலை 2, 50 விழுக்காட்டினர் எட்டினால் நிலை 1, அதற்குக் கீழ் 0 எனக் கொள்வோம். ஐந்து பாட விளைவுகளின் நிலைகள் 3, 3, 3, 1, 0 ஆயின் சராசரி 2. 2, 2, 2, 2, 2 ஆயினும் சராசரி 2. முதல் வகுப்பில் ஓர் இலக்கு முற்றிலும் தவறிப்போனதை அவ்வெண் மறைத்துவிடுகிறது. மேலும் இவை வரிசையைக் குறிக்கும் எண்களேயன்றிச் சம இடைவெளி கொண்ட அளவுகள் அல்ல.

இரண்டாவது, வகுப்பின் அளவு. இருபது பேர் கொண்ட முதுகலை வகுப்பில் 14 பேர் இலக்கை எட்டினால் நிலை 3. 13 பேர் எட்டினால் நிலை 2. ஒரே மாணவியின் ஒரு மதிப்பெண் துறையின் நிலையையே மாற்றவல்லது. எனினும் அறிக்கைகளில் அடைவு எண் பிழை வரம்பின்றியே இடம்பெறுகிறது.

மூன்றாவது, வினாத்தாளின் அமைப்பு. ஐந்து அலகுகளுக்கு ஐந்து பாட விளைவுகள் என வகுத்துவிட்டு, ‘ஐந்தனுள் மூன்றனுக்கு விடையளிக்க’ என்று கேட்டால், அப்பகுதியில் இரண்டு விளைவுகளை ஒருவர் தொடாமலேயே தேறலாம். தொடப்படாததை அளந்ததாகக் கொள்ள இயலாது. தொட்ட வினாவிலும் ஐயம் நீங்குவதில்லை. மனப்பாடம் செய்த நிறுவலும் புரிந்து எழுதிய நிறுவலும் விடைத்தாளில் ஒன்றுபோலவே தோன்றும். செய்முறைப் பதிவேட்டில் படியெடுத்த நிரலுக்கும் இது பொருந்தும்.

இக்கணக்கீட்டை ஒரு மாணவி தன் ஆய்வேட்டில் செய்திருந்தால் கணிதத் துறையே அதனைத் திருத்தச் சொல்லியிருக்கும். தன் மாணவியிடம் ஏற்காததைத் தன் அறிக்கையில் ஏற்பதே இம்முறையின் அடிப்படை முரண்.

அளவீட்டின் ஒழுக்கம்

எவர்ஷெட் 1909இல் கொடைக்கானலில் கதிரவப் புள்ளிகளில் வளிமங்கள் ஆரவழியே பாய்வதைக் கண்டறிந்தார். நிறமாலைக் கோடுகளின் மிக நுண்ணிய நகர்வே அதற்குச் சான்று. கருவியின் பிழையை அறியாமல் அத்தகைய நகர்வைச் சான்றாகக் கொள்ள இயலாது. கற்றலை அளப்போருக்கும் இவ்வொழுக்கம் வேண்டும்.

அவ்வாய்வகத்தின் நூறாண்டுக்கு மேற்பட்ட கதிரவப் படங்கள் எண்மமாக்கப்பட்டுள்ளன. அவற்றிலுள்ள புள்ளிகளை எண்ணும் நிரலை எழுதி, இருவர் கையால் எண்ணிய முடிவுகளோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்கான காரணத்தை வாய்மொழியாக விளக்குமாறு கேட்கலாம். நிரலாக்கம், புள்ளியியல், பிழை பற்றிய அறிவு ஆகியன இவ்வொரு பணியிலேயே வெளிப்படும். இதனைப் படியெடுத்து ஒப்பேற்றுவதும் எளிதன்று.

முடிவுரை

சராசரிக்கு மாற்றாக ஒவ்வோர் இலக்கின் மதிப்பெண் பரவலையும் வெளியிடுதல், இன்றியமையாத இலக்குகளுக்குத் தெரிவற்ற வினா அமைத்தல், முன்பு காணாத நிறுவலொன்றையும் திருத்தவேண்டிய நிரலொன்றையும் கட்டாயமாக்குதல் ஆகிய மூன்றையும் துறைகள் தம் பாடத்திட்டக் குழு வழியாகவே தொடங்கலாம். அடைவு நிலை 3 என்னும் சான்றோடு வெளியேறும் மாணவி நாளை ஒரு பள்ளியில் கணிதம் கற்பிக்கக்கூடும். அவர் ஒரு நிறுவலைத் தாமே அமைக்கவல்லவரா என்பதை அவ்வெண் சொல்லவில்லையெனில், அவரிடம் பயிலப்போகும் தலைமுறைக்கும் அவ்விழப்பு நீளும்.