உப்பை அறிந்த தென்னை

ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அடையாறு முகத்துவாரம். இந்த உப்புக்காற்றில் மாவிலையின் நுனி கருகிவிடும். தென்னையோ குலை தள்ளுகிறது. எவ்வளவு அழகான பிடிவாதம்!

செடிகொடிகளின் வேர் உப்பை உணர்ந்ததும் செல்லுக்குள் கால்சியம் ஏறும். உடனே ஒழுங்குபடுத்தும் மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். அவை உண்டாக்கும் புரதங்கள் டி.என்.ஏ.வில் உரிய இடத்தில் அமர்ந்து, பல மரபணுக்களை ஒருசேர இயக்கும். சோடியத்தில் ஒரு பகுதி வெளியேறும். மிச்சம் செல்லுக்குள்ளேயே தனிப்பையில் அடைபடும். இலைத்துளைகளும் சுருங்கும்.

2017-ல் சீனாவின் ஹைனான் நெட்டைத் தென்னையின் மரபணுத்தொகுதி வெளியானது. அயனிகளைக் கடத்தும் சில மரபணுக் குடும்பங்கள் அதில் பெருகியிருந்தன. கருவிகள் நிறைய இருப்பதைவிட, எதை எப்போது எடுப்பது என்ற அந்த நிதானமே என்னை வியக்க வைக்கிறது.