ரோபோ கார் கிட்: மோட்டார் டிரைவரை மாற்றிவிட்டு ஓட்டுங்கள்

ரோபோ எப்படி இயங்குகிறது என்று பிள்ளைகளுக்கு விளங்கவைக்க, சென்னை ரிச்சி தெரு கடைகளில் கிடைக்கும் இரு சக்கர ரோபோ கார் கிட்டைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அக்ரிலிக் தட்டு, கியர் வைத்த இரண்டு மோட்டார், ஆர்டுயினோ ஊனோ போர்டு, எல்298என் மோட்டார் டிரைவர், அல்ட்ராசானிக் சென்சார், நான்கு பென்சில் பேட்டரிக்கான பெட்டி. ஒரு மாலையில் பூட்டிவிடலாம்.

சென்சாரில் இரண்டு உருளைகள். ஒன்று 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும், மற்றது எதிரொலியைப் பிடிக்கும். ஒலி போய்த் திரும்பிய மைக்ரோ விநாடிகளை 58ஆல் வகுத்தால் தூரம் சென்டிமீட்டரில் வந்துவிடும். சுவரை நன்றாகவே கண்டுகொள்கிறது. திரைச்சீலை ஒலியை உறிஞ்சிவிடுவதால் நேராகப் போய் முட்டுகிறது. ஊனோவில் 2 கிலோபைட் ரேம்தான். இந்த வேலைக்குத் தாராளம்.

சிக்கல் மின்சாரத்தில். ஊனோவின் ஒரு பின்னிலிருந்து 20 மில்லிஆம்பியர் எடுப்பதே பாதுகாப்பு. மோட்டாருக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அதனால்தான் நடுவில் டிரைவர். ஆனால் எல்298என் பழைய வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது. சுமார் 2 வோல்ட்டைத் தானே விழுங்கிச் சூடாகிவிடும். 6 வோல்ட் பேட்டரி போட்டால் மோட்டாருக்குக் கிடைப்பது 4தான். மொசைக் தரையில் ஓடும் வண்டி மிதியடியில் ஏற முடியாமல் நின்றுவிடுகிறது. போர்டுக்கும் மோட்டாருக்கும் ஒரே பேட்டரி என்பதால், கிளம்பும் நேரத்தில் வோல்டேஜ் சரிந்து போர்டே ரீசெட் ஆவதும் உண்டு. மாஸ்ஃபெட் வகையான டிபி6612எஃப்என்ஜி டிரைவரைப் போட்டு, போர்டுக்குத் தனி பேட்டரி கொடுத்தேன். அதே வண்டி மிதியடியைத் தாண்டிப் போனது.

இன்னொரு குறை எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஒரே வகை மோட்டார்கள் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று எண்ணத் துளையிட்ட வட்டுகளைத் தருகிறார்கள், அந்தத் துளைகளைப் படிக்கும் சென்சாரைத் தருவதில்லை. கட்டளை போட்டபின் அது நிறைவேறியதா என்று பார்த்துத் திருத்திக்கொள்வதுதான் ரோபோவின் உயிர்நாடி. பிள்ளைகள் கற்க வேண்டிய அந்தப் பாடமே பெட்டியில் இல்லை.

எட்டாம் வகுப்புக்கு மேலுள்ள பிள்ளைகளுக்குத் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். அதே கடையில் அந்த டிரைவரையும் சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு வேக சென்சார்களையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.